விரித்து வைக்க ஓர் இடம்

அக்காவின் கணினிப் பெட்டி முகப்பில் மிளகு அளவில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. வன்தட்டு வேலை செய்யும்போது அது விட்டுவிட்டு மினுக்க வேண்டும். 2018 வரை அவள் வீட்டில் அது மினுக்கி நான் பார்த்ததில்லை, எரிந்துகொண்டேதான் இருக்கும். காலையில் கணினியைப் போட்டுவிட்டு, அரிசி களைந்து உலையில் இட்டு, கைதுடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். உள்ளேயிருந்து, அம்மிக்கடியில் மணல் அகப்பட்டதுபோல ஒரு கரகரப்பு விடாமல் கேட்கும்.

இருபது ஆண்டுகளாகத் திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறாள். கவிதை, நாவல், ஆய்வேடு, ஊர்க் கோயில் வரலாறு என்று எது வந்தாலும் செய்வாள். தமிழ்ப் புத்தகங்களின் நான்காம் பக்கத்தில், விலைக்கும் அச்சகத்துக்கும் நடுவே, ‘ஒளியச்சு’ என்று ஒரு வரி இருக்கும். அவள் பெயர் அச்சேறும் இடம் அது ஒன்றுதான். பல புத்தகங்களில் அந்த வரியும் இருப்பதில்லை.

2018இல் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பதிப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவள் கை ஈரமாக இருந்ததால் நான் எடுத்தேன். “அக்கா வேலை சுத்தமா இருக்கும் சார். ஆனா ஸ்லோ. புத்தகக் கண்காட்சிக்குள்ள முடியணும், அதனால வேற இடத்துல குடுத்துட்டோம்னு சொல்லிடுங்க” என்றார்கள். சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்த் திரைமுன் உட்கார்ந்தாள். நானூறு பக்க நாவல் ஒன்று திறந்திருந்தது. 212ஆம் பக்கத்திலிருந்து 47ஆம் பக்கத்துக்குப் போவதற்கான பொத்தானை அழுத்தினாள். திரை பால்போல வெளுத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த மடியில் வைத்த கைகளைப் பார்த்தபோதுதான், அந்த வீட்டில் மந்தமாக இருந்தது அவளல்ல என்பது எனக்கு உறைத்தது. அதுவரை நானும் அவளை அப்படித்தான் நினைத்திருந்தேன். எப்போது எதைக் கேட்டாலும் இரண்டு நாள் தள்ளிச் சொல்கிறவள் என்று.

விசைப்பலகைக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ‘ப. 47 முத்தையா. ப. 212 முத்தய்யா. எது?’ ‘ப. 90இல் ஆறு கிழக்கே ஓடுகிறது. 301இல் மேற்கே.’ ‘அத்தியாயத் தலைப்பு 3, 7, 11 எழுத்து அளவு ஒன்றா? கடைசியில் பார்க்க.’ பக்கம் பக்கமாக இப்படியே. திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர ஒவ்வொரு தடவையும் நாலைந்து நிமிடம் ஆகும் என்பதால், போகாமல் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்திருக்கிறது. கணினிக்கு இடம் போதாததைத் தன் நோட்டிலும் தன் தலையிலும் அவள் சுமந்துகொண்டிருந்தாள்.

அன்று மாலை, எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் ‘டாஸ்க் மேனேஜர்’ பலகையைத் திறந்தேன். எழுத்தாளர் அனுப்பிய வேர்ட் கோப்பு, பக்க அமைப்புக்கான இன்டிசைன், அட்டைப்படத்துக்கு போட்டோஷாப், புரூப் வந்து சேரும் மின்னஞ்சல், வாட்ஸ்அப் என்று உலாவியில் நாலு தாவல். எதுவும் வேண்டாத வேலை இல்லை. புத்தகம் செய்கிற யாருக்கும் இவ்வளவும் ஒருசேர வேண்டும். நினைவகம் 96 சதவீதம் நிரம்பியிருந்தது. 2012இல் வாங்கிய அந்தக் கணினியில் இருந்தது 2 ஜிபி.

‘மெமரி’க்கு நாம் நினைவகம் என்று பெயர் வைத்துவிட்டோம். அழகான சொல்தான். ஆனால் அது கேட்பவரைக் கொஞ்சம் வழி தவறச் செய்கிறது என்பது என் எண்ணம். நினைவு என்றால் சேர்த்து வைத்தது, பழையது, பெட்டிக்குள் பத்திரமாக இருப்பது என்று மனம் ஓடுகிறது. கணினியில் அப்படிச் சேர்த்து வைக்கும் வேலை வன்தட்டினுடையது. ரேம் என்று கடைக்காரர்கள் சொல்லும் நினைவகம் வேறு. இப்போது, இந்த வேலைக்கு, கைக்கெட்டும் தூரத்தில் விரித்துப் போட்டிருக்கும் பாய் அது. பாயில் இடமில்லை என்றால் ஒன்றைச் சுருட்டி உள்ளறையில் வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுத்து வர வேண்டும். அந்த உள்ளறை எவ்வளவு தூரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி. சுழலும் வன்தட்டில் அதையே தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி நொடி. லட்சம் மடங்கு. பாயிலிருந்து எடுக்க ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், உள்ளறைக்குப் போய்வர 27 மணி நேரத்துக்கு மேல். அக்காவின் சிவப்பு விளக்கு அந்த நடையின் விளக்கு.

இந்த நடையைக் கண்டுபிடித்தவர்கள் அதை ஒரு சகாயமாகத்தான் கண்டுபிடித்தார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னின் குழு உருவாக்கிய அட்லஸ் கணினி 1962இல் இயங்கத் தொடங்கியது. அதன் காந்த வளைய நினைவகம் கொண்டது 16 ஆயிரம் சொற்கள் (சொல் என்பது இங்கே கணினி ஒரே வீச்சில் கையாளும் அளவு). சுழலும் உருளை கொண்டது 96 ஆயிரம். இரண்டையும் ஒரே பெரும் நினைவகம்போலக் காட்டி, வேண்டிய துண்டை, அவர்கள் சொற்படி ‘பக்கத்தை’, உருளையிலிருந்து தானாகவே கொண்டுவரச் செய்தார்கள். இடமில்லாதவனுக்கும் இடம் இருப்பதுபோன்ற ஏற்பாடு. இன்றைக்கும் பெரும்பாலான கணினிகளில் அதுதான் நடக்கிறது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. 1968இல் பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க அறிஞர் அதை விளக்கினார். ஒரு வேலைக்கு ஒரே சமயத்தில் கூடவே வேண்டியிருக்கும் பக்கங்கள் என்று சில உண்டு. அவை அத்தனைக்கும் இடம் இருக்கும்வரை எல்லாம் ஓடும். இடம் அதற்குக் கீழே இறங்கினால், உள்ளே வரும் பக்கம் அடுத்த கணமே வேண்டியிருக்கும் பக்கத்தை வெளியே தள்ளும். தள்ளப்பட்டது உடனே திரும்பி வந்து மற்றொன்றைத் தள்ளும். கணினி ஓயாமல் உழைக்கும், வேலை மட்டும் நகராது. சிறிது சிறிதாக வேகம் குறைவதில்லை. ஒரு படி இறங்கியதும் சட்டென்று சரிந்துவிடும். அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைவிட, நம்மிடம் இருக்கும் அலைக்கழிப்பு என்ற சொல் பொருத்தமானது.

டென்னிங் சொன்னதைப் படித்தபோது எனக்கு அப்பா வேலை பார்த்த அச்சகம் நினைவுக்கு வந்தது.

அப்பா கம்பாசிட்டர். முப்பது ஆண்டுகள், கேஸ் என்ற எழுத்துப் பெட்டி அடுக்கின் முன்னால் நின்றவர். இடது கையில் ஸ்டிக் என்ற கோக்கும் சட்டம். வலது கை, பார்க்காமலே ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் எழுத்தைப் பொறுக்கித் தலைகீழாக அதில் அடுக்கும். ஸ்டிக் நிறைந்தால் கேலி என்ற நீளத் தட்டுக்கு மாற்றுவார். திருவல்லிக்கேணியின் சின்னச் சந்துகளில் அப்போது அப்படிப்பட்ட அச்சகங்கள் நிறைய இருந்தன. அந்தத் திருவல்லிக்கேணியிலிருந்துதான் சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அன்றைய சிறுபத்திரிகைகள் பெரும்பாலும் இப்படி ஈயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நின்ற மனிதர்களின் கைவழியாக வந்தவை.

அந்த அச்சகங்களுக்கு எழுத்துதான் முதல். எழுத்து ஈயம், ஈயம் காசு. அப்பா வேலை பார்த்த இடத்தில் பத்துப் பாயிண்ட் எழுத்து ஒரு பாரத்துக்குத்தான் தேறும். பதினாறு பக்கம். அந்தப் பதினாறையும் கோத்து, புரூப் எடுத்து, ஆசிரியர் திருத்தி, அடித்து முடித்த பிறகு எழுத்தையெல்லாம் கழுவி மறுபடி அந்தந்தப் பெட்டியில் பிரித்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் பதினேழாம் பக்கம். ஆசிரியர் வெளியூர் போய்ப் புரூப் வர ஒரு வாரம் தாமதமானால் ஒரு வாரம் வேலை நிற்கும். யாராவது வந்து ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்டால் அப்பா ஒரே பதில்தான் சொல்வார்: “எழுத்து மாட்டிக்கிட்டிருக்குங்க.” கேட்டவர் அதை நம்பியதே இல்லை. கம்பாசிட்டர் சோம்பேறி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போவார்.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, னா, றா போன்ற 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் போயின. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய மாற்றம் அது. மொழியறிஞர்கள் அதைப் பற்றி நிறைய வாதாடினார்கள். அப்பா அதைப் பற்றிச் சொன்னது, “சில பெட்டி காலியாச்சு” என்பது மட்டும்தான். காலியான இடத்தில் எப்போதும் தட்டுப்படும் ஒற்றெழுத்துகளை வைத்துக்கொண்டார்கள்.

பழைய புத்தகங்களின் கடைசியில் ‘பிழையும் திருத்தமும்’ என்று ஒரு பக்கம் இருக்கும். இப்போது பழைய புத்தகக் கடையில் அப்படி ஒன்றைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 80ஆம் பக்கம் கோக்கும்போது 8ஆம் பக்கத்தின் பிழை தெரிய வருகிறது. ஆனால் 8ஆம் பக்கத்தின் எழுத்துகள் அப்போது 80ஆம் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. திரும்பிப் போக வழியில்லை. பிழையைப் பார்க்கத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி. இரண்டையும் ஒருசேர விரித்து வைக்க அவர்களிடம் ஈயம் இல்லை, அவ்வளவுதான்.

அக்காவின் நோட்டு அந்தப் பக்கத்தின் இன்னொரு வடிவம். அப்பாவுக்கு ஈயத்தில் ஏற்பட்ட தட்டுப்பாடு அவளுக்கு நினைவகத்தில் ஏற்பட்டிருந்தது. இடமின்மை வேலையைத் தாமதப்படுத்துகிறது என்பதை நாம் பார்க்கிறோம். திரும்பிப் போய்ப் பார்க்கும் மனத்தையே அது மெல்ல மெல்ல வேலை செய்கிறவரிடமிருந்து எடுத்துவிடுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் நாலு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றால் ஐந்தாவது தடவை யாரும் போகமாட்டார்கள். சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். அக்கா விடவில்லை, எழுதி வைத்தாள். அதற்கு அவள் கட்டிய விலைதான் ‘ஸ்லோ’ என்ற பெயர்.

மறுநாள் வாலாஜா சாலை வழியே நடந்து அண்ணா சாலையைக் கடந்து ரிச்சி தெருவுக்குப் போனேன். அதுவும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவும் கணினிப் பொருட்களுக்குப் பேர்போனவை. உள்ளே நுழைந்தால் ஆள் நிற்க முடியாத அகலத்தில் கடைகள். நான் நின்ற கடைக்காரர் முதலில் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, “போர்டு என்ன சார்?” என்றார். எச்61 என்றேன். “ரெண்டு ஸ்லாட்டு. டிடிஆர் மூணு. பதினாறு வரைக்கும் தாங்கும்” என்று கையிலிருந்த வேலையைவிட்டுக் கண் எடுக்காமல் சொன்னார். ஒவ்வொரு தலைமுறை நினைவகத்துக்கும் விளிம்பில் ஒரு வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்3க்கு 240 கால்கள், டிடிஆர்4க்கு 288. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. தவறான ஒன்றைத் தவறியும் செருகிவிடாமல் இருக்க யாரோ யோசித்துச் செய்திருக்கும் ஏற்பாடு.

4 ஜிபி ஸ்டிக் ஒன்று, ஏற்கெனவே பயன்படுத்தியது, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். ஆம், அதற்கும் ஸ்டிக் என்றுதான் பெயர். மேசைமேல் பெட்டியில்லாமல் வெறுமனே கிடந்த ஒரு மதர்போர்டில் செருகி ஓட்டிக் காட்டினார். பிறகு, “பழைய ஸ்டிக்கையும் கழட்டி அழிரப்பர் போட்டுத் தேச்சிடுங்க சார். அதுவே பாதி வியாதி” என்றார். பணம் வாங்குகிறவர் பணம் தேவைப்படாத மருந்தையும் சொல்லி அனுப்பினார். அந்தத் தெருவைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இதுதான் முதலில் வருகிறது. இன்னொன்றும் சொன்னார்: டாஸ்க் மேனேஜரில் நினைவகம் பாதிகூட நிரம்பாமல் கணினி மெதுவாக இருந்தால் ரேம் வாங்குவது வீண், அப்போது தட்டை மாற்றி, சுழலாத எஸ்எஸ்டி போட வேண்டும். உண்மை. காலியாகக் கிடக்கும் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரிப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பெட்டியைத் திறந்தபோது ஆறு வருடத் தூசு பஞ்சாகத் திரண்டிருந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடுகள். அக்கா பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் இரும்பை ஒரு கணம் தொட்டு உடம்பின் மின்னைக் கழித்துவிட்டு, பழைய ஸ்டிக்கைக் கழற்றினேன். பொன்னிறக் கால்கள் கறுத்திருந்தன. அவள் பையனின் அழிரப்பரால் தேய்த்தேன். இரண்டையும் செருகி மின்சாரம் கொடுத்தால் திரை வரவில்லை. பீப், பீப் என்று நீளமாக ஓர் ஓலம். அக்காவின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. பாதி நாவல் உள்ளே இருக்கிறது. மறுபடி கழற்றி, இருபுறமும் ‘டக்’ என்று கொக்கி விழும்வரை கட்டைவிரலால் அழுத்தினேன். திரை வந்தது.

6 ஜிபி என்று காட்டியது. பக்கத்திலேயே அடைப்புக்குள், பயன்படுத்தக்கூடியது 3.24 என்றது. வீட்டில் இருந்த விண்டோஸ் 32 பிட் வகை. 32 இருமக் குறிகளால் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அது 4 ஜிபி. அதிலும் ஒரு பகுதி திரைக்கும் மற்றச் சாதனங்களுக்குமான முகவரிகளாகப் போய்விடும். மீதி நினைவகம் ஸ்லாட்டில் இருக்கிறது, மின்சாரம் பாய்கிறது, ஆனால் அதற்கு விலாசம் இல்லை. விலாசம் இல்லாத இடத்துக்கு எதுவும் போய்ச் சேராது. 64 பிட் வகையை நிறுவி, அவளுடைய எழுத்துருக்களையும் விசைப்பலகை அமைப்பையும் பழைய கோப்புகளையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க இரண்டு இரவுகள் ஆயின.

அந்த இரவுகளில் கழற்றி வைத்திருந்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தச் சின்னப் பச்சைப் பட்டையின் உள்ளே இருப்பது சேமிப்பே அல்ல. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1966இல் யோசித்து 1968இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றைக்கும் அடிப்படை: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். ஆனால் அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம். வைத்த மின்னூட்டம் வைத்த கணத்திலிருந்தே கசியத் தொடங்கும். ஆகவே 64 மில்லி நொடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் படித்து மறுபடி நிரப்ப வேண்டும். படிப்பதிலும் ஒரு வேதனை உண்டு. படித்த உடனே குடம் காலியாகிவிடும். எனவே படித்ததையே திரும்ப எழுத வேண்டும். அக்காவின் திரையில் ஓர் எழுத்து அசையாமல் நிற்கிறது என்றால், அடியில் அது ஒரு நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் மறக்கப் போய் மீட்கப்பட்டிருக்கிறது.

இதைவிடக் குறைந்த இடத்தில் வேலை நடந்த காலமும் உண்டு. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன் தலைமையில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் உருவான டிஃப்ராக் கணினி 1960இல் இயங்கத் தொடங்கியபோது, அதன் காந்த வளைய நினைவகம் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் 10 கேபி. யூனிகோடில் பரவலாகப் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகிறது. ‘நினைவு’ என்ற ஒரு சொல்லுக்கே 18 பைட். இந்தக் கட்டுரையின் முதல் சில பத்திகளோடு டிஃப்ராக் நிரம்பியிருக்கும். அந்த இடத்துக்குள் கணக்கைச் சுருட்டி மடித்துப் போட்டு அறிவியல் செய்தார்கள் என்பது பெரிய விஷயம். ஆனால் அதைச் சொல்லி, குறைந்த இடத்திலேயே குடித்தனம் செய் என்று இன்று வேலை செய்கிறவரிடம் யாரும் உபதேசம் செய்யக் கூடாது. அவர்களுக்கு அதற்கு மேல் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் விரித்திருப்பார்கள்.

அக்காவின் கணினியில் ஸ்லாட் என்று இரண்டு பள்ளங்கள் இருந்ததால்தான் நினைவகத்தைக் கூட்ட முடிந்தது. ஒன்று 2012இலிருந்து காலியாகவே இருந்திருக்கிறது. அதே 2012இல் ஆப்பிள் தன் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விற்றது. இப்போது மெல்லிய மடிக்கணினிகள் பலவும் அப்படித்தான். வாங்கும் நாளில் எவ்வளவோ, சாகும்வரை அவ்வளவு. எனக்கு இது கோபத்தைத் தருகிறது. காலியாக விட்ட ஒரு பள்ளம் என்பது, பின்னால் உனக்கு இன்னும் வேண்டியிருக்கும் என்று செய்தவர் நம்மை நினைத்துப் பார்த்ததன் அடையாளம். அதை அடைத்துவிட்டு மெலிவு என்று பெயர் வைக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலை கணினியை அவளிடம் ஒப்படைத்தேன். இன்டிசைன், வேர்ட், போட்டோஷாப், உலாவி என்று எல்லாவற்றையும் திறந்தாள். கொஞ்ச நேரம் வேலை செய்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“டேய், லைட்டு எரியல பாரு. தட்டு போயிடுச்சா?”

சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. கரகரப்பும் இல்லை. தெருவில் கீரைக்காரியின் குரலும் உள்ளே மின்விசிறியின் மெல்லிய இரைச்சலும் மட்டும் கேட்டன. போகவில்லை, நடக்க வேண்டிய தூரம் இல்லாததால் அது உட்கார்ந்திருக்கிறது என்றேன். அவள் நம்பாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். ஒரு கோப்பைச் சேமித்தாள். விளக்கு ஒரு தரம் மினுக்கி அணைந்தது.

பிறகு நோட்டை எடுத்து முதல் வரியைப் பார்த்தாள். 47ஆம் பக்கத்துக்குப் போனாள். முத்தையா. 212க்கு வந்தாள். முத்தய்யா. மறுபடி 47க்குப் போனாள். அங்கே வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் போனாள். திரும்பி வந்தாள். 90ஆம் பக்கத்து ஆற்றைப் போய்ப் பார்த்தாள். 301ஆம் பக்கத்து ஆற்றையும் பார்த்துவிட்டு, “இவரு ஊருல ரெண்டு ஆறு இருக்குடா. நான்தான் ஒண்ணுன்னு நெனச்சிருக்கேன்” என்றாள். நோட்டில் அந்த வரியின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தாள். அடுத்த வரிக்குப் போனாள்.